இந்த ஞாயிறு எந்த மலைக்கு?

மதுரையில் ஒரு வீட்டில் "ஞாயித்துக்கிழமை எங்கே போகலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் பெரும்பாலும் ஒரு சாப்பாட்டுக் கடையின் பெயராக இருக்கும். துணி எடுக்க விளக்குத்தூண் பக்கம் போனால் திரும்பும்போது ஜிகர்தண்டா. சொந்தக்காரர்களை மாட்டுத்தாவணியில் பஸ் ஏற்றிவிட்டு வந்தால் வழியில் பரோட்டா. மாலில் படம் என்றால் இடைவேளையில் பாப்கார்னும் குளிர்பானமும். தூங்கா நகரத்தில் நள்ளிரவிலும் சூடாக இட்லி கிடைக்கும். அது இந்த ஊரின் பெருமை, அதை யாரும் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் குடும்பத்தோடு வெளியே போவது என்றாலே வண்டியில் போய், உட்கார்ந்து சாப்பிட்டு, வண்டியிலேயே வீடு திரும்புவது என்று ஆகிவிட்டது. அன்றைக்குப் பிள்ளைகள் நடந்த தூரத்தைக் கூட்டிப் பார்த்தால், பார்க்கிங்கிலிருந்து சாப்பாட்டு மேஜை வரைதான் தேறும்.

பிள்ளைகளின் உடம்பைப் பற்றி வீட்டில் நாம் பேசுவதெல்லாம் தட்டைப் பற்றியும் போனைப் பற்றியும்தான். அதைத் தின்னாதே, இதை மிச்சம் வைக்காதே, போனைக் கீழே வை. இரண்டு பிள்ளைகளின் தாயாக எனக்குப் புரிந்தது வேறு. தட்டில் கைவைப்பதற்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை போகிற இடத்தை மாற்ற வேண்டும். கால் நடக்கிற இடத்துக்குக் கூட்டிப்போனால் பசி வருகிறது. பசித்த பிள்ளை கீரையைப் பார்த்து முகம் சுளிப்பதில்லை. அன்றைக்கு ராத்திரி தூங்கச் சொல்லி யாரும் கெஞ்ச வேண்டியதும் இல்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், தமிழ்நாட்டின் கணக்கு அப்படி இருக்கிறது. 2019-21ல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அளவுக்கு மீறிய எடையோடு இருக்கிறார்கள். ஆண்களில் 37 சதவீதம். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் பெண்கள் 31 சதவீதத்தை ஒட்டி இருந்தார்கள். சில ஆண்டுகளுக்குள் இவ்வளவு ஏற்றம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆதரவோடு சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நடத்தி 2023ல் வெளியான பெரிய ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும் இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்பதாகவும் மதிப்பிட்டது. வாசலில் நிற்பவர்கள் உள்ளே போய்த்தான் ஆக வேண்டும் என்று இல்லை. நடையும் சாப்பாடும் சரியாக இருந்தால் பலரால் அங்கிருந்தே திரும்ப முடியும். எங்கள் வீட்டில் அத்தைக்குச் சர்க்கரை, எனக்கும் அது வரக்கூடும் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. பிள்ளைகளுக்காவது வரக்கூடாது என்ற பயத்தில் தொடங்கியதுதான் எங்கள் ஞாயிறு நடை. பயத்தில் தொடங்கினாலும் பயமுறுத்திக்கொண்டே தொடர முடியாது. பிள்ளைகள் எதற்காக வருவார்கள்? சந்தோஷமாக இருந்தால் வருவார்கள்.

குளத்தைச் சுற்றி

முதலில் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். திருமலை நாயக்கர் 1645ல் வெட்டிய குளம். மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளம் என்று சொல்வார்கள். ஏறக்குறைய ஆயிரம் அடிக்கு ஆயிரம் அடி என்பதால், நாலு கரையும் சுற்றி வந்தால் ஒரு கிலோமீட்டருக்கு மேலேயே ஆகும். முன்பெல்லாம் தெப்பத் திருவிழாவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, மற்ற மாதங்களில் காய்ந்து கிடக்கும். பையன்கள் உள்ளே கிரிக்கெட் ஆடுவார்கள். இப்போது வைகைத் தண்ணீர் வாய்க்கால் வழியே வந்து குளம் நிறைந்திருப்பதால் சாயங்காலம் காற்று ஜில்லென்று அடிக்கிறது, ஊரே அங்கே கூடுகிறது.

கூட்டம் கூடினால் கடைகளும் கூடும். காளான், பானிபூரி, அவித்த சோளம், பஞ்சுமிட்டாய். பல குடும்பங்கள் வண்டியை நிறுத்திவிட்டு முதலில் போய் நிற்பது அங்கேதான். நாங்கள் ஒரு விஷயத்தை மட்டும் முன்பின்னாக மாற்றினோம். முதலில் சுற்று, பிறகுதான் கடை. "சுத்தி முடிச்சுட்டு வாங்கித் தர்றேன்" என்றால் பிள்ளைகள் மறுப்பதில்லை. இரண்டு சுற்று வந்த பிறகு அவர்கள் கேட்பது பெரும்பாலும் தண்ணீர்தான். பிறகு அவித்த சோளமோ கடலையோ. பானிபூரியும் சில நாள் உண்டு. அதற்காக யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதில்லை.

அத்தைக்கு மூட்டுவலி. அவர் ஒரு கரை நடப்பார், பிறகு திண்டில் உட்கார்ந்துவிடுவார். அதுவே அவருக்குப் போதும். சாப்பிட்டு முடித்ததும் கொஞ்ச நேரம் மெதுவாக நடந்தாலே கால் தசைகள் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். வேகநடை போட முடியாத வயதானவர்களுக்கு டாக்டர்கள் முதலில் சொல்வதே இதுதான். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிட நடை, பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் ஓட்டமும் ஆட்டமும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நாளொன்றுக்கு ஒரு மணி நேரம்! நம் பிள்ளைகளின் கால அட்டவணையில் அது எங்கே இருக்கிறது? பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கேட்டு வாங்கிக்கொள்கிறார். பள்ளி விட்டதும் டியூஷன். பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் அந்தக் கொஞ்ச நஞ்சமும் போய்விடுகிறது.

சமணமலையின் சிங்கம்

மலைக்குப் போகும் யோசனை எங்களுடையது அல்ல. அதைப் பசுமை நடையிடமிருந்து எடுத்துக்கொண்டோம். மதுரைக்காரர்களுக்கு அறிமுகம் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 2010ல் யானைமலையைக் குடைந்து சிற்பநகரம் அமைக்கும் யோசனை எழுந்தபோது, சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் எதிர்த்து நின்றார்கள். அந்தச் சூழலில் எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் தொடங்கியதுதான் பசுமை நடை. ஞாயிறு விடியற்காலையில் மதுரையைச் சுற்றியுள்ள ஒரு குன்றுக்கு நடந்து போவார்கள்; தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் கல்வெட்டையும் சிற்பத்தையும் காட்டிப் பேசுவார். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் உண்டு, பேரப்பிள்ளைகளோடு வரும் தாத்தாக்கள் உண்டு. வரலாற்றுக்காக வருகிறவர்களுக்கு உடற்பயிற்சி தானாக நடந்துவிடுகிறது.

மதுரையின் பெரிய கொடுப்பினை இது. யானைமலை, நாகமலை, அழகர்மலை, திருப்பரங்குன்றம் என்று எந்தத் திசையில் போனாலும் ஒரு குன்று நிற்கிறது. பெரும்பாலான குன்றுகளில் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒன்றைப் பார்க்கலாம். ஜிம்முக்குக் கட்டணம் கட்ட முடியாத குடும்பமும் டவுன்பஸ்ஸில் போய்வரும் தூரம்.

கீழக்குயில்குடி சமணமலையைப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு முதலில் சொல்வேன். அடிவாரத்தில் அய்யனார் கோயில், அதன் முன்னால் தாமரைக் குளம், பெரிய ஆலமரம். கோயிலை ஒட்டிப் பாறையில் வெட்டிய படிகள் மேலே போகின்றன. கொஞ்ச தூரம் ஏறினால் பேச்சிப்பள்ளம். அங்கே ஒரு சுனை. அதற்கு மேலே பாறையில் வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள், கீழே வட்டெழுத்து. அந்த இடம் வரைக்கும் "ம்மா, இன்னும் எம்புட்டுத் தூரம்?" என்று மூச்சுக்கு மூச்சு கேட்டுக்கொண்டு வந்த என் மகன், சுனையைப் பார்த்ததும் அக்காவை முந்திக்கொண்டு ஓடினான்.

அவனை உண்மையில் பிடித்து நிறுத்தியது மலையின் இன்னொரு பக்கத்தில் இருக்கும் செட்டிப்புடவு. புடவு என்றால் குகை. வெளியே பெரிய உருவமாகத் தீர்த்தங்கரர் உட்கார்ந்திருப்பார். எல்லோரும் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். உள்ளே குனிந்து போய் மேலே வளைந்திருக்கும் பாறையை நிமிர்ந்து பார்க்க வேண்டும். அங்கே ஒரு பெண் சிங்கத்தின் மேல் உட்கார்ந்து வில்லை வளைக்கிறாள். எதிரே யானைமேல் வருகிறான் ஒருவன். அவள் இயக்கி, சமணர்களின் காவல் தெய்வம். பத்து வயதுப் பையனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அந்தச் சிங்கத்தை அவன் கண்கொட்டாமல் பார்த்தான். யார் ஜெயித்தார்கள் என்று இறங்கும்போது முழுக்க அக்காவும் தம்பியும் சண்டை. கால் வலி என்று ஒருவரும் சொல்லவில்லை.

வெயில் ஏறினால் பாறை சுட ஆரம்பித்துவிடும். அதனால் விடியும்போதே ஏறத் தொடங்கி, வெயில் உறைப்பதற்குள் ஆலமரத்தடிக்கு வந்துவிட வேண்டும். மழை பெய்த மறுநாள் படி வழுக்கும், அன்றைக்குப் போகாதீர்கள். ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர் வேண்டும்.

கொஞ்சம் பழகிய பிறகு மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். ஏழு குன்றுகள், சுனைகள், கண்மாய்கள், தமிழி கல்வெட்டு, குடைவரைக் கோயில், அத்தோடு சுமார் 250 வகைப் பறவைகள். அங்கே டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்று தெரிந்ததும் சுற்றுவட்டாரக் கிராமங்கள் திரண்டு போராடின. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்தக் கதையை அந்த மலைமேல் நின்று பிள்ளைகளுக்குச் சொல்ல முடிந்தது என் பாக்கியம். தலைக்கு மேலே ஒரு வல்லூறு வட்டமடித்துக்கொண்டிருந்தது.

இப்படி வெளியே வெளிச்சத்தில் இருப்பதால் வருகிற இன்னொரு நன்மையைக் கண் டாக்டர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். வெளியே பகல் வெளிச்சத்தில் அதிக நேரம் இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது. 2010ல் தைவான், பள்ளிப் பிள்ளைகளை நாளொன்றுக்கு 120 நிமிடம் வெளியே விடும் திட்டத்தைத் தொடங்கியது. அதன்பின் ஓரிரு ஆண்டுகளில், அதுவரை ஏறிக்கொண்டே இருந்த பார்வைக் குறைபாடு இறங்கத் தொடங்கியது. நம் ஊரில் மூன்றாம் வகுப்பிலேயே கண்ணாடி போட்ட பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்கிறேன்.

கட்டுச்சோறு யார் கட்டுவது?

மலையிலிருந்து இறங்கியதும் ஆலமரத்தடியில் கட்டுச்சோறு. எலுமிச்சம்பழச் சாதம், அவித்த கடலை, வெள்ளரிக்காய், மலைவாழைப்பழம், தூக்கில் மோர். வீட்டில் வெள்ளரிக்காயைத் தொடாத பிள்ளைகள் அங்கே கடித்துத் தின்பதைப் பார்க்க வேண்டும்.

ஆனால் இந்த இடத்தில் நிறுத்திக் கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஞாயிறு விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து அந்தச் சோற்றைக் கட்டுவது யார்? பெரும்பாலான வீடுகளில் அம்மா. குடும்பம் உல்லாசமாகக் கிளம்புகிற நாளில் அவளுக்கு மட்டும் வேலை இரட்டிப்பு. ஓட்டலுக்குப் போகலாம் என்று பெண்கள் சொல்வதற்குப் பின்னால் இருக்கும் களைப்பைப் புரிந்துகொள்ளாமல் ஆரோக்கியம் பற்றி யாரும் அவர்களுக்குப் புத்தி சொல்லக்கூடாது. வேலை பங்கு போடப்படாத வீட்டில் எந்த நல்ல பழக்கமும் நிற்காது என்றே நான் நம்புகிறேன். எங்கள் வீட்டில் சாதம் கிளறுவது என் கணவர் பொறுப்பு. கடலை அவிப்பதும் பாட்டில் நிரப்புவதும் பிள்ளைகள், சனிக்கிழமை ராத்திரியே. மோருக்கு அத்தைதான் உப்புப் பார்க்க வேண்டும், வேறு யார் பார்த்தாலும் அவருக்குச் சரிவராது. தான் அவித்த கடலையை எந்தப் பிள்ளையும் வேண்டாம் என்று சொல்வதில்லை.

காய்கறிக்கும் அதே வழிதான். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று திறக்கப்பட்டது மதுரை அண்ணா நகரில்தான். அங்கே பிள்ளைகளைக் கூட்டிப்போய், ஆளுக்கு ஒரு பையும் கொஞ்சம் காசும் கொடுத்து, "உங்களுக்குப் பிடிச்ச ரெண்டு காய் வாங்கிட்டு வாங்க" என்று விட்டுவிடுவோம். விலைப் பலகையைப் படித்து, காய் விற்கும் பாட்டியிடம் கேட்டு, சில்லறை எண்ணி வாங்கிய பீர்க்கங்காய்க்கு வீட்டில் தனி மரியாதை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல், ஒரு நாள் தட்டில் பாதி காய்கறியும் பழமுமாக இருக்கட்டும் என்கிறது. நம் தட்டில் முக்கால் பங்கு சோறு. ஒரே நாளில் மாற்றிவிட முடியாது. சோற்றுக் கரண்டி ஒன்று குறைந்து பொரியல் கரண்டி ஒன்று கூடினால் தொடக்கத்துக்கு அது போதும்.

இனிப்பு விஷயத்தில் எனக்கு உதவிக்கு வந்தது பள்ளிக்கூடம். 2025 மே மாதம் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகள் எல்லாவற்றிலும் சர்க்கரைப் பலகை வைக்கச் சொன்னது. எந்தத் தின்பண்டத்தில் எவ்வளவு சர்க்கரை என்பதைப் பிள்ளைகளின் கண்ணில் படும்படி எழுதி வைக்கும் பலகை அது. நம் பிள்ளைகள் சாப்பிடும் மொத்தச் சக்தியில் சர்க்கரையிலிருந்து வருவது 4 முதல் 10 வயதில் 13 சதவீதம், 11 முதல் 18 வயதில் 15 சதவீதம். இருக்க வேண்டியது 5 சதவீதம் என்று அந்தச் சுற்றறிக்கை சொன்னது. அதற்குப் பிறகு மகள் எந்தப் பாட்டிலை எடுத்தாலும் திருப்பிப் பார்க்கிறாள். கால் லிட்டர் கோலாவில் ஆறேழு ஸ்பூன் சர்க்கரை. அதை அவளே வீட்டில் ஸ்பூனால் அள்ளிக் கிண்ணத்தில் போட்டுக் காட்டினாள். தம்பி அந்தக் கிண்ணத்தைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு கடையில் மோர் கேட்கிறான்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஜிகர்தண்டாவை நாங்கள் விடவில்லை. பாதாம் பிசினும் நன்னாரியும் போட்டுக் குளிரக் குளிரத் தரும் அந்த டம்ளர் இல்லாமல் மதுரையில் என்ன பிள்ளைப் பருவம்? எப்போதாவது, ஒரு டம்ளரை இரண்டு பேராகக் குடிக்கிறோம். பருத்திப்பாலும் அப்படியே. கருப்பட்டி போட்டது, வெல்லம் போட்டது என்பதால் அளவில்லாமல் குடிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு, அதுவும் இனிப்புதான் என்று ஞாபகப்படுத்துவேன். அத்தைக்குக் கால் டம்ளர்.

இன்னொன்று, இதைவிட முக்கியம். எங்கள் வீட்டில் எடையைப் பற்றிப் பேச்சே கிடையாது. "குண்டாயிட்டே", "நல்லா உருண்டு கிடக்கே" என்று கொஞ்சலாகச் சொல்லும் உறவுக்காரர்களிடமும் அன்போடு சொல்லிவிட்டோம், பிள்ளை முன்னால் அப்படிச் சொல்லாதீங்க என்று. உடம்பைக் கண்டு வெட்கப்படும் பிள்ளை விளையாட வெளியே வராது.

கையை விடலாம்

மலை வாரத்துக்கு ஒருநாள். மற்ற நாட்களுக்கு ஊருக்குள்ளேயே ஓர் இடம் இருக்கிறது. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிய நான்கு சித்திரை வீதிகளிலும் வண்டிகள் கிடையாது. ஒரு சுற்று ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். மதுரைக்குள் ஐந்து வயதுப் பிள்ளையின் கையை ஒரு தாய் பயமில்லாமல் விடக்கூடிய தெரு அநேகமாக அதுதான். சாயங்காலம் அங்கே போய்ப் பாருங்கள். பிள்ளைகள் யார் சொல்லியும் ஓடவில்லை, இடம் இருப்பதால் ஓடுகிறார்கள். அம்மாக்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள். அதே குடும்பம் மாசி வீதிக்கு வந்ததும் பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு சுவரோரம் ஒண்டுகிறது. பெற்றோருக்கு அக்கறை இல்லை, பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை என்று சொல்பவர்கள் இந்த இரண்டு தெருக்களுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும்.

2023 நவம்பரில் தமிழக அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதையை அறிவித்தது. நல்ல தொடக்கம். ஆனால் மாவட்டத்துக்கு ஒரு பாதை என்றால் அங்கே போவதற்கே வண்டி எடுக்க வேண்டும். வீட்டு வாசலிலிருந்து பள்ளிக்கூடம் வரை, பஸ் நிறுத்தம் வரை, ஒரு பிள்ளை தனியாக நடந்து போகும்படி நடைமேடை வேண்டும். அதன்மேல் பைக் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மலையடிவாரங்களில் பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும். அது இல்லாததால் எத்தனை அம்மாக்கள் முதல் நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஊரில் அரசுப் பள்ளிகளும் மாநகராட்சிப் பள்ளிகளும் வைத்திருக்கும் மைதானங்கள் சனி, ஞாயிறில் பூட்டிக் கிடக்கின்றன. வெளியே தெருவில் பிள்ளைகள் காருக்கு வழிவிட்டு வழிவிட்டு மட்டை பிடிக்கிறார்கள். விடுமுறை நாளில் காலையும் மாலையும் அந்தக் கேட்டைத் திறந்து வையுங்கள். ஒரு காவலாளி, குடிதண்ணீர்க் குழாய், பெண்பிள்ளைகளுக்குத் தாழ்ப்பாள் சரியாக இருக்கும் கழிப்பறை. செலவு அவ்வளவுதான். எங்கள் தெருப் பெற்றோர்கள் சேர்ந்து இதைக் கேட்டு மனு எழுதியிருக்கிறோம். உங்கள் வார்டில் நீங்களும் எழுதுங்கள்.